டிரைவர் செருப்போடு மலையேறிய அத்தை: டா நாங் நாட்குறிப்பு

மார்ச் 13, 2025, வியாழன்: ஹோய் ஆன்

வியட்நாம் போகிறோம் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான், "அத்தைக்குச் சாப்பாடு?" அத்தை திருநெல்வேலிச் சைவம். முட்டை போட்ட கேக் இருந்த தட்டில் பிஸ்கட்டை வைத்துக் கொடுத்தால்கூடத் தொடமாட்டார். ஆகவே ஒரு பெட்டி முழுக்கப் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், சின்ன கரண்ட் குக்கர், இரண்டு கிலோ பொன்னி அரிசி. அரிசி விளையும் நாட்டுக்கு அரிசி சுமந்து போகிறோமே என்று அவர் மகன் (என் வீட்டுக்காரர்) முனகிக்கொண்டே வந்தார்.

டா நாங்கில் தங்கிக்கொண்டு இன்று மதியத்துக்கு மேல் ஹோய் ஆன் போனோம். 30 கிலோமீட்டர். நாள் பார்த்துப் போனதற்குக் காரணம் உண்டு. அவர்கள் சந்திர மாதத்தில் 14-ஆம் நாள் இரவு அங்கே விளக்குத் திருவிழா, பழைய நகரத்தில் மின்விளக்குகளைப் பெரும்பாலும் அணைத்துவிட்டுக் காகித விளக்குகளை ஏற்றுவார்கள். அத்தையின் நாள்காட்டிப்படி இன்றே பௌர்ணமி தொடங்கிவிட்டது, விரதம். வியட்நாம்காரர்களுக்கு முழுநிலா நாள் நாளை. ஒரே நிலாவுக்கு ஒரு நாள் வித்தியாசமா என்று காரில் பெரிய விவாதம் நடந்தது, நான் கலந்துகொள்ளவில்லை.

ஊர் அழகுதான், மறுக்கவில்லை. மஞ்சள் சுவர், ஓட்டுக்கூரை, போகன்வில்லா. ஆனால் இன்று இருந்த கூட்டத்துக்கு தைப்பூசத்தன்று பழனி தேவலாம். ஆற்றில் படகு ஏற மூன்று பேருக்கு 1,50,000 டோங், நம் கணக்கில் 510 ரூபாய். (10,000 டோங்குக்கு 34 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும்.) படகுக்காரம்மா ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் நிறுத்தி, எங்கள் போனை வாங்கி, கழுத்தை இப்படித் திருப்பு, கையை அப்படி வை என்று சைகையிலேயே அதட்டிப் படம் எடுத்துக் கொடுத்தார். மெழுகுவத்தி வைத்த காகிதப் பூக்களை எல்லாரும் தண்ணீரில் விடுகிறார்கள். கொஞ்ச தூரம் மிதந்து கரையோரம் ஒதுங்கி ஈரக் குப்பையாகக் கிடக்கின்றன. நாங்கள் விடவில்லை.

ஊரின் அடையாளமான பழைய ஜப்பானியப் பாலத்தைச் சீர்செய்து போன ஆண்டு ஆகஸ்டில்தான் திறந்தார்களாம். புது பெயின்ட் பளபளப்பு, பழசு மாதிரியே இல்லை என்று உள்ளூரிலேயே திட்டினார்கள் என்று படித்திருந்தேன். திட்டியதில் நியாயம் இருக்கிறது. 20,000 டோங் நோட்டின் பின்பக்கம் இந்தப் பாலத்தின் படம் உண்டு. நோட்டைப் பாலத்துக்கு நேராகப் பிடித்துப் படம் எடுக்க ஒரு வரிசையே நின்றது, அதில் என் வீட்டுக்காரரும்.

விரதக்காரருக்குப் பழமும் இளநீரும் போதும் என்று நினைத்திருந்தோம். தெருமுனையில் ஒரு பாட்டி காவடியில் பானை தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். இளஞ்சூட்டில் சோயாப்பால் தயிர்போல உறைந்திருக்கிறது, மேலே இஞ்சி போட்ட சர்க்கரைப் பாகு. கிண்ணம் 15,000. அத்தை மோந்து பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒரு வாய் வைத்தார். அப்புறம் இன்னொரு கிண்ணம் கேட்டார். விரதம் அதோடு ஒரு மாதிரியாக முடிந்தது.

மார்ச் 14, வெள்ளி: டா நாங்

விடியற்காலை ஐந்து மணிக்கு மீ கே கடற்கரைக்குப் போனால் ஊரே அங்கே இருக்கிறது. பாட்டிமார்கள் வரிசையாக நின்று கை கால் வீசுகிறார்கள், தாத்தாக்கள் நீந்திவிட்டு வந்து குழாயடியில் குளிக்கிறார்கள். ஏழரைக்கெல்லாம் ஒருவரும் இல்லை. வெயில் ஏறிய பிறகு மணலில் கிடப்பது வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான். எந்நேரமும் மெரினா நிறைந்திருப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிது.

வடக்கே நடந்தால் மான் தாய் பக்கம் மீனவர்கள். வட்டப் படகுகளைக் கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். நம்ம ஒகேனக்கல் பரிசலேதான், மூங்கில் பின்னல், வெளியே தாரும் பிசினும். இப்போது பாதிக்கு மேல் ஃபைபர். ஆற்றுக்குச் சரி, அலையடிக்கும் கடலில் இதை எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்த்தோம். ஒற்றைத் துடுப்பை முன்பக்கம் எட்டு போடுவதுபோல் அசைத்துக்கொண்டே நேராகப் போகிறார்கள். கரையிலேயே மீன் ஏலம். வீட்டுக்காரர் கண் கலங்கினார், பக்கத்தில் அம்மா இருக்கிறாரே.

இன்று அவர்களுக்கு முழுநிலா நாள். தெருவில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை வாசலில் சின்ன மேசை, பழம், பூ, ஊதுபத்தி, எரிக்கக் காகிதப் பணம். செல்போன் கடை வாசலிலும் அதே. இந்த நாளில் பலர் சைவம்தான் சாப்பிடுவார்கள் என்பது எங்களுக்கு ஓட்டலில் சொல்லித்தான் தெரியும். "சாய்" என்று பலகை போட்ட கடை என்றால் சைவம், அதைத் தேடுங்கள் என்றார் வரவேற்பறைப் பெண். போனால் உட்கார இடம் இல்லை! ஆபீஸ் உடையில் பையன்கள், ஹெல்மெட்டோடு அம்மாக்கள், ஒரு மூலையில் இரண்டு பிக்குணிகள். சோறு, நான்கு வகைக் காய், வறுத்த டோஃபு, பலாக்காய்ப் பொரியல், கீரை சூப் எல்லாம் சேர்த்து ஒரு தட்டு 35,000. நூற்றிருபது ரூபாய்க்குப் பக்கம். எங்களுக்கு இடம் கொடுக்க ஒரு குடும்பம் தட்டைத் தூக்கிக்கொண்டு பிளாஸ்டிக் முக்காலிகளை நகர்த்தியது. அந்த முக்காலி முழங்கால் உயரம்கூட இல்லை. அத்தை உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டது.

பலாக்காயைச் சாப்பிட்டுவிட்டு "உப்பு மட்டும் கம்மி" என்றார். அவர் வாயில் அது பாராட்டு. குக்கரை இன்று வெளியே எடுக்கவில்லை.

நாளைக்கு டூர். "ஒரே நாளில் டா நாங்: பண்பாடும் இயற்கையும்." ஆளுக்கு ஏழரை லட்சம் டோங், 2,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், மதியச் சாப்பாடு சேர்த்து. சைவம் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 15, சனி: டூர்

ஏழரைக்கு வரவேண்டிய வேன் எட்டு இருபதுக்கு வந்தது. ஊரின் அந்தக் கோடியில் ஒரு ஜோடி எழுந்திருக்கவே இல்லையாம். வேனில் ஒரு கொரியக் குடும்பம் (பாட்டி, மகள், ஏழெட்டு வயதுப் பையன்), ஆஸ்திரேலிய அப்பாவும் மகளும், தூங்கி எழுந்த அந்த ஜோடி, நாங்கள். வழிகாட்டி முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். ஆங்கிலம் கடகடவென்று வருகிறது, நடுவில் கொரிய மொழிக்கும் தாவுகிறார். டா நாங்குக்கு வருகிறவர்களில் கொரியர்கள்தான் அதிகம், கடைப் பலகைகளைப் பார்த்தாலே தெரியும்.

முதலில் சோன் த்ரா தீபகற்பம். நகரத்தை ஒட்டியே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் காட்டு மலை, உச்சி 693 மீட்டர். அமெரிக்கப் போர்க்காலத்தில் ராணுவத்தார் குரங்கு மலை என்றுதான் கூப்பிட்டார்கள், ரேடார் வைத்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் இங்கே லின் உங் கோயில் மட்டும்தான். ஆனால் வழிகாட்டி மணியைப் பார்த்துவிட்டு, டிரைவரிடம் ஏதோ சொல்ல, வேன் கோயிலைத் தாண்டி மேலே ஏறியது. பனிமூட்டம், ஒரு வளைவில் கடல் தெரியும், அடுத்ததில் தெரியாது. ஓரிடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்து, யாரும் பேசக்கூடாது என்று விரலை உதட்டில் வைத்தார். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. கொரியப் பையன் நெளிய ஆரம்பித்தான். முதலில் கண்டுபிடித்தது டிரைவர்தான்.

சாலைக்குக் கீழே சரிவில் ஒரு மரத்தில் ஆறேழு குரங்குகள். குரங்கு என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கரும் சிவப்பு, முன்கை வெள்ளை, உடம்பு சாம்பல், மஞ்சள் முகத்தைச் சுற்றி வெள்ளைத் தாடி, நீள வெள்ளை வால். யாரோ வேலை மெனக்கெட்டு உடுத்திவிட்டதுபோல. செங்கால் டூக் லங்கூர். உலகளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம், இந்த ஒரு மலையில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பத்து லட்சம் பேர் வாழும் நகரத்திலிருந்து அரை மணி நேரத்தில்! சத்தமே இல்லாமல் தளிரைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தன. பைனாகுலர் கைமாறிக்கொண்டே இருந்தது. அவற்றின் வயிறு இலையைப் புளிக்கவைத்துச் செரிப்பது, பழமும் பிஸ்கட்டும் கொடுத்தால் சாகக்கூடும் என்று மெல்லிய குரலில் சொன்னார் அந்தப் பெண். நாங்கள் பார்த்திருந்தாலும் பச்சையில் பச்சையாகக் கடந்து போயிருப்போம். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து இந்த மலையில் சுற்றலாம் என்று திட்டம் போட்டிருந்தவர் என் வீட்டுக்காரர். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு அந்தச் செங்குத்துச் சாலையில் தடை என்பது தனி.

கீழே கோயிலில் வேறு குரங்குகள், நமக்குத் தெரிந்த ரகம், கையில் இருப்பதைப் பிடுங்கும் ரகம். 67 மீட்டர் உயர வெள்ளைச் சிலை, கருணையின் போதிசத்துவர், அவர்கள் பெண்ணுருவில் வணங்குகிறார்கள். கடலைப் பார்த்து நிற்கிறார், புயலில் போகும் மீனவர்களுக்குக் காவல். நேற்று கடற்கரையில் நின்று பார்த்தபோது விரல் நுனி அளவில் தெரிந்த வெள்ளைப் புள்ளி இதுதான். பக்கத்தில் போனால் கழுத்து வலிக்கிறது.

கூடத்துக்குள் போகச் செருப்பைக் கழற்றவேண்டும். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் அத்தையின் செருப்பு இல்லை. அதே பழுப்பு நிறத்தில், அளவு மட்டும் சின்னதாக வேறொரு ஜோடி கிடக்கிறது. யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள், வாசலில் அதற்குள் நான்கு பஸ் கிளம்பியாயிற்று. "கோயில்ல செருப்பு போனா பீடை போச்சுன்னு அர்த்தம், விடு" என்றார் அத்தை, ஆனால் அடுத்தவர் செருப்பைப் போடமாட்டேன் என்று அடம். கருங்கல் தரை கொதிக்க ஆரம்பித்திருந்தது. வழிகாட்டி தன் ஷூவைக் கழற்றப் போனார், அதற்குள் டிரைவர் வேனிலிருந்து தன் நீல ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து, குனிந்து, இரண்டு கையாலும் அத்தையின் காலடியில் வைத்தார். அடுத்தவர் செருப்பு வேண்டாம் என்றவர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சைஸ் பெரிது. டப் டப் என்று நடந்துபோய் வேனில் ஏறினார். கொரியப் பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, பரிகாரமாக ஒரு கமலா ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். அதிலிருந்து மாலைவரை இரண்டு பேரும் ஒரே சீட். ஒருவர் கொரிய மொழி, ஒருவர் நெல்லைத் தமிழ், பேச்சு நிற்கவே இல்லை.

மதியச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் சூப்பில் காய்ந்த இறால் மிதந்தது. நல்லவேளை, வழிகாட்டிதான் முதலில் பார்த்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள்ளேயே போய்விட்டார், உள்ளே குரல் உயர்ந்தது கேட்டது. கால் மணி நேரம் கழித்து அரிசிமாவும் மஞ்சளும் கரைத்து ஊற்றிய மொறுமொறு பான் சேவ், உள்ளே முளைக்கட்டிய பயறும் காளானும், தொட்டுக்கொள்ள மீன் சாற்றுக்குப் பதில் சோயா சாஸ். அதை அரிசிக் காகிதத்தில் இலைதழையோடு சுருட்டிச் சாப்பிடவேண்டும். அத்தை சுருட்டவில்லை, தோசையைப் பிய்ப்பதுபோல் பிய்த்துச் சாப்பிட்டார்.

அப்புறம் பளிங்கு மலைகள். ஐந்து சுண்ணாம்புப் பளிங்குக் குன்றுகள், உலோகம், மரம், நீர், நெருப்பு, மண் என்று ஐம்பூதப் பெயர்கள் (அவர்கள் கணக்கில் ஆகாயமும் காற்றும் இல்லை). ஏறுவது நீர் மலை. லிஃப்ட் இருக்கிறது, 15,000 டோங், ஆனால் அது பாதிதான் கொண்டுபோய் விடும், மிச்சம் படி. டிரைவரின் செருப்போடு அத்தை ஏறினார், பின்னால் ஒரு கையை நீட்டியபடி நான். ஹுயென் கோங் குகைக்குள் இறங்கினால் சட்டென்று குளிர். கூரையில் இயற்கையாக விழுந்த ஓட்டைகள், அவற்றின் வழியே இறங்கும் ஒளியில் ஊதுபத்திப் புகை, உயரத்தில் பாறையிலேயே புத்தர். போர்க்காலத்தில் அமெரிக்காவை எதிர்த்த வியட்காங் கெரில்லாக்கள் இதைக் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனையாக வைத்திருந்தார்கள், அதுவும் அமெரிக்க விமானத்தளம் கண்ணுக்கெட்டும் தூரத்தில். அடிவாரத்தில் இன்னொரு கோயிலில் திருவிழாப் பந்தல், சந்திர மாதத்தின் 19-ஆம் நாள் போதிசத்துவருக்கு விழா, கொடிகள் அதற்காகவா, 29-ஆம் தேதி வரும் டா நாங் போர்வெற்றியின் 50-ஆம் ஆண்டுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஊர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும்.

இதுவரை எல்லாம் நன்றாகவே போனது. அடுத்து "சிற்பக் கிராமம், 20 நிமிடம்" என்று இருந்தது. கிராமம் அல்ல, கடை. ஒரு மணி நேரம். நோன் நுவோக் சிற்பிகள் பரம்பரையாகச் செதுக்குகிறவர்கள், அதில் சந்தேகமில்லை, ஆனால் இந்த மலைகளில் கல் வெட்டுவதற்குத் தடை வந்து பல காலமாகிறது. இப்போது கல் வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் வருகிறது. கடைக்காரப் பெண் எங்கள் பின்னாலேயே ஓரடி இடைவெளியில் வந்தார். ஆளுயரச் சிங்கத்தைத் திருநெல்வேலிக்குக் கப்பலில் அனுப்பித் தருவதாகச் சொன்னார். வழிகாட்டி அந்த ஒரு மணி நேரமும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை, நிரலைப் போட்டவர்கள்மேல்தான்.

அதன் பலன், பழைய சம்பா அரசின் சிற்பங்கள் இருக்கும் சாம் அருங்காட்சியகத்துக்கு வந்து சேரும்போது நாலு இருபது. ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள். நான் இந்த டூரில் பணம் கட்டியதே இதற்காக! ஓட்டமும் நடையுமாக மூன்று அறை. அத்தை முதல் லிங்கத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. காவலர் மணியடித்தார்.

இறங்கும்போது அத்தை செருப்பைக் கழற்றி டிரைவரிடம் நீட்ட, வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பினார். வேனில் அவர் வெறுங்காலோடு ஓட்டியதை அப்போதுதான் கவனித்தோம். கட்டாயப்படுத்தித் திருப்பிக் கொடுத்தோம். இரவு சந்தையில் புதுச் செருப்பு, 2,00,000 சொல்லி 80,000-க்குப் படிந்தது, பேரம் முழுக்க அத்தை, கால்குலேட்டரில்.

ஒன்பது மணிக்கு டிராகன் பாலம். 666 மீட்டர் நீளம், வார இறுதி இரவுகளில் டிராகன் முதலில் நெருப்பு கக்கும், அப்புறம் தண்ணீர். தண்ணீர் நேராக எங்கள் தலையில்.

மார்ச் 16, ஞாயிறு: மறுபடி அருங்காட்சியகம்

காலையிலிருந்து தூறல், காற்று, திடீரென்று ஸ்வெட்டர் கேட்கும் குளிர். ஏழரைக்குத் திறக்கும்போதே போய் நின்றோம். டிக்கெட் 60,000. வழிகாட்டி இல்லை, மணியடிக்க ஆளில்லை.

சாம் மக்களின் சம்பா அரசு மத்திய வியட்நாமில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்றது. நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன் மீ சோன் என்ற இடத்தில் பத்ரேஸ்வரர் என்று சிவனுக்குக் கோயில் எடுத்தான். இந்திரவர்மன், ஜய சிம்மவர்மன் என்று பெயர்ப் பலகைகளைப் படிக்கும்போது காஞ்சிபுரத்தில் நிற்கிறோமோ என்று இருக்கும், எழுத்தும் நம் பக்கத்துப் பல்லவ எழுத்து வழியில் வந்ததுதான். பிரெஞ்சுக்காரர்கள் திரட்டிவைத்து 1919-இல் திறந்த இடம் இது. மீ சோனில் எஞ்சியதில் பெரிய கோபுரம் 1969-இல் அமெரிக்கக் குண்டில் போயிற்று. அதே மீ சோனைச் சீரமைக்க நம் தொல்லியல் துறை போனதும், 2020-இல் தோண்டும்போது ஒற்றைக்கல் லிங்கம் கிடைத்ததும் செய்தியில் வந்தது. சாம் மக்கள் அழிந்துவிடவும் இல்லை, தெற்கே நின் துவான் பக்கம் இன்றும் அந்தக் கோபுரங்களில் விழா எடுக்கிறார்கள்.

அத்தைக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. நேராக ஆராய ஆரம்பித்துவிட்டார். ஆவுடையார் ஏன் சதுரமாக இருக்கிறது? ஏழெட்டாம் நூற்றாண்டுப் பிள்ளையார் ஏன் நிற்கிறார், நம்மூரில் உட்காருவாரே, ஆனால் கையில் கிண்ணம் இருக்கிறது, தும்பிக்கை அதில் இருக்கிறது, அப்போ சரி. நந்திக்குத் திமில் நன்றாக வந்திருக்கிறது. ஒரு பீடத்தைச் சுற்றி வரிசையாக மார்பகங்கள் செதுக்கியிருக்கிறார்கள், சாம் சிற்பத்துக்கே உரிய அமைப்பு. அதைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றுவிட்டு "தாய்தானே எல்லாம்" என்று கடந்து போனார். த்ரா கியு நடனக்காரி முன்னால் மட்டும் நான் அவரை இழுத்துப் பிடித்து நிறுத்தினேன், அந்த இடுப்பு வளைவைக் கல்லில் கொண்டுவந்தவன் யாரோ.

பெரிய லிங்கத்தைச் சுற்றி மூன்று தடவை வலம் வந்தார். காவலர் எழுந்து வந்தார், தொட்டுவிடுவாரோ என்று. தொடவில்லை என்றதும் நாற்காலியை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார். இங்கே மூன்று மணி நேரம் இருந்தோம். டா நாங் போகிறவர்களுக்கு நான் சொல்வது, சோன் த்ராவுக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் குரங்கு தெரிந்த ஆள். இங்கே தனியாக வாருங்கள், காலையில்.

மாலை விமான நிலையத்தில் பெட்டி எடைபோடும் இடத்தில் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, மீன் சாறு இருக்கிறதா? ஒழுகினால் விமானமே நாறும் என்பதால் அனுமதி இல்லையாம். நானும் அத்தையும் இல்லை என்று தலையாட்ட, வீட்டுக்காரர் மெதுவாகப் பெட்டியைத் திறந்தார். லுங்கியில் சுற்றி ஒரு பாட்டில், நாம் ஓ கிராமத்து நெத்திலிச் சாறு, எப்போது வாங்கினாரோ. "ஆபீஸ் நண்பருக்கு" என்றார். அத்தை ஒன்றும் பேசாமல் பாட்டிலை இரண்டு விரலால் தூக்கி, வழியனுப்ப வந்து நின்றிருந்த ஓர் அம்மாளிடம் கொடுத்துவிட்டு, கை கழுவ இடம் எங்கே என்று கேட்டார்.